கடனும் கடப்பாடும்

எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர், தாம் உறுப்பினராய் இருக்கும் கூட்டுறவுச் சங்கமொன்றின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தார். 'லயபிலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல் அதில் பல இடங்களில் வந்தது. ஓரிடத்தில் அதனைப் 'பொறுப்பு' என்று எழுதினார். பிறிதோரிடத்தில் 'கடன்' என்றார். மற்றோரிடத்தில் 'கடப்பாடு' என்று எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, முடிவில் தாளை என் மேசைக்கே கொண்டுவந்துவிட்டார். "ஐயா, ஒரு சொல்லுக்கு மூன்று சொற்கள் எழுதினால் படிப்போர் குழம்பமாட்டார்களா?" என்பது அவர் வினா. மூன்றும் சரியே, ஆயினும் மூன்றும் ஒன்றல்ல என்று விடை கூறினேன். அவ்விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பை நோக்குவோம். அது இலத்தீனில் 'கட்டுதல்' என்னும் பொருளுடைய வினையடியினின்று பிரெஞ்சு மொழி வழியே வந்தது. கட்டுண்டவன் எவனோ அவனே அச்சொல்லுக்கு உரியவன். இதனோடு இணைத்துப் பேசப்படும் 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்பதோ 'விடையிறுத்தல்' என்னும் வேரினது. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் என்பது அதன் கருத்து. தமிழில் நாம் வழங்கும் 'பொறுப்பு' இவ்விரண்டிற்கும் வேறானது. பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். ஆங்கிலேயன் கட்டப்படுகிறான், அல்லது பதில் சொல்கிறான், தமிழன் சுமக்கிறான்.

மலாய் மொழியில் இதற்கு வழங்கும் 'தங்குங்ஜவாப்' என்னும் தொடரில் சுமத்தலும் விடையிறுத்தலும் சேர்ந்தே நிற்கின்றன. 'தங்குங்' என்பது சுமத்தல். 'ஜவாப்' என்பது அரபு மொழியினின்று வந்த 'விடை'. அதே அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கும் வந்து, முந்திய தலைமுறையின் செய்தித்தாள்களில் 'ஜவாப்தாரி' என்று உலவியது. நம் 'உத்தரவாதம்' என்பதும் வடமொழியில் விடை கூறுதலே. (தங்குங், தாங்கு என்னும் ஒலியொப்புமையைக் கண்டவுடன் நம் மாணாக்கர் சிலர் மலாய்ச் சொல் தமிழினின்று பிறந்தது என்று கட்டுரை எழுத முற்படுவர். ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது. சான்று கிடைக்கும்வரை பொறுத்திருப்பதும் புலமைக்கு அழகு.)

இனி, கடன் என்னும் சொல்லுக்கு வருவோம். கடன், கடமை, கடப்பாடு ஆகியவை ஓரினச் சொற்கள். மலையாளத்தில் 'கடம்' என்றால் வாங்கிய பணம்; 'கடம' என்றால் செய்ய வேண்டிய செயல். தமிழிலோ 'கடன்' என்னும் ஒரு சொல்லே இவ்விரு பொருளையும் சுமந்து நிற்கின்றது. காலைக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன், பிதிர்க்கடன், இறுதிக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்று பிறந்தது முதல் இறந்தபின் வரை கடன்கள் நம்மைத் தொடர்கின்றன. இவற்றுள் ஒன்றிலேனும் பணம் இல்லை. ஆனால் 'கடன்காரன் வந்திருக்கிறான்' என்றால் பணத்தைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. மனமின்றிச் செய்யும் வேலையைக் 'கடனே என்று செய்தான்' என்கிறோம். செய்யவேண்டியதைச் செய்கிறான் எனினும் அதில் உயிரில்லை என்பது கருத்து.

கடன்காரன் என்னும் சொல்லை மாணாக்கருக்குக் கற்பிக்கும்போது ஒன்றைக் கருதலாம். அது கடன் கொடுத்தவனையும் குறிக்கும். கடன் வாங்கியவனையும் குறிக்கும். வாசலில் வந்து நிற்பவனும் கடன்காரன், வீட்டுக்குள் ஒளிந்திருப்பவனும் கடன்காரன். ஒரு மொழி இரு எதிரிகளுக்கும் ஒரே பெயரை இட்டது கவனக்குறைவால் என்று நான் நினைக்கவில்லை. கடன் என்பது இருவருக்கும் நடுவே கட்டப்பட்ட கயிறு. ஒரு முனையை மட்டும் பார்த்துப் பெயரிட அம்மொழி விரும்பவில்லை போலும்.

இவ்வாறு கூறுவதற்கு இலக்கியம் துணைநிற்கின்றது. புறநானூற்றின் 312ஆம் பாடல், பொன்முடியார் பாடியது, நாம் ஒவ்வொருவரும் பள்ளியில் படித்தது. தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், வேல் வடித்துத் தரும் கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன். இந்நான்கும் சொல்லி முடித்த பின்னரே போர்க்களம் செல்லும் இளைஞனின் கடன் வருகிறது. அவனிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன் நால்வர் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அந்நால்வருள் வேந்தனும் ஒருவன் என்பது கருதத்தக்கது. அப்பர் பெருமான் திருக்கடம்பூர்த் திருப்பதிகத்தில் பாடிய புகழ்பெற்ற அடியையும் இங்கு நினைக்கலாம். தொண்டனின் கடன் பணிசெய்தல் என்னும் பின்பாதியை நம் பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறோம்; நற்பணிச் சான்றிதழ்களில் அச்சிட்டிருக்கிறோம். அதற்கு முன்னே, தன்னைத் தாங்குவது இறைவனின் கடன் என்று அவர் உரிமையோடு சொல்லிவைத்த பாதியை யாரும் எழுதுவதில்லை. இறைவனுக்கே கடனை வகுத்துவிட்டுத்தான் அவர் தம் கடனைக் கூறினார். பாதியை மட்டும் சொல்லும் இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்வெட்டுகளில் கடமை என்னும் சொல்லைக் காண்போர் முதலில் திகைப்பர். அங்கு அது அறமன்று, வரி. சோழர் காலத்தின் பிற்பகுதியிலும் பாண்டியர் காலத்திலும் நிலத்தின்மேல் அரசு பெற்ற வருவாய்க்கு வழங்கிய முதன்மையான பெயர்களுள் கடமையும் ஒன்று. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா இவ்வரிச் சொற்களைக் காலவாரியாகத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'டியூட்டி' என்பது அறக்கடமைக்கும் சுங்கத் தீர்வைக்கும் பொதுவாய் இருப்பதை இதனோடு ஒப்பிட்டால், அரசுகள் தாம் கேட்கும் பணத்துக்கு அறத்தின் பெயரைச் சூட்டுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம் என்பது விளங்கும்.

கல்வெட்டுகளில் கடப்பாட்டின் மிக நேர்த்தியான எடுத்துக்காட்டு நந்தா விளக்கு. ஒருவர் கோயிலில் விளக்கெரிக்க 96 ஆடுகளைக் கொடுப்பார். இடையர் ஒருவர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடுகள் சாகும், மூப்படையும். எண்ணிக்கை மட்டும் சாவதில்லை, மூப்பதில்லை. இறந்த ஆட்டுக்கு ஈடாக ஈன்ற குட்டியைச் சேர்த்து 96ஐக் காப்பது பெற்றவரின் பொறுப்பு. பெற்றவர் மறைந்தால் அவர் வழியினர் அளக்க வேண்டும். முதலின் பெயரிலேயே கடப்பாட்டின் அளவையும் காலத்தையும் எழுதிவைத்த அம்முறையை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது. இன்றைய கணக்காயர் பல பக்கங்களில் எழுதுவதை அவர்கள் மூன்று சொற்களில் எழுதினார்கள். இங்கும் கயிற்றின் மறுமுனை உண்டு: ஆடுகளின் பாலும் மிகுதிக் குட்டிகளும் இடையர்க்கே. சுமை இருந்த இடத்தில் பயனும் இருந்தது.

பாட்டன் எழுதிக்கொடுத்தது பேரனைக் கட்டுமா என்னும் வினாவைச் சேக்கிழார் ஒரு வழக்காகவே நடத்திக் காட்டுகிறார். தடுத்தாட்கொண்ட புராணம் பக்திக் கதை என்பது உண்மையே. ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆவண வழக்கு எவ்வாறு கருதப்பட்டது என்பதற்கு அதனினும் சுவையான சான்றைக் காண்டல் அரிது. புத்தூரில் சுந்தரர் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, இவன் என் அடியான், இவன் பாட்டன் எழுதிய ஓலை என்னிடம் உள்ளது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ, கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில், வழக்காறு, ஆவணம், சாட்சி ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டுக என்று கேட்கப்படுகிறது. பாட்டனின் வேறோர் எழுத்தை வருவித்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பு வருகிறது. சுந்தரர் தோற்றார், தோற்றதனால் நாம் தேவாரம் பெற்றோம். ஓலையைக் கொண்டுவந்தவன் இறைவன் ஆதலின் கதை இன்பமாய் முடிந்தது.

ஓலையைக் கொண்டுவந்தவர் பண்ணையாராய் இருந்தபோது கதை அவ்வாறு முடியவில்லை. தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாள் ஒருவர் தம் திருமணச் செலவுக்காக வாங்கிய சிறு தொகை அவர் வாழ்நாள் முழுதும் தீராது, மகனையும் அதே நிலத்தில் நிறுத்தியது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவர்மேல் அடிமை உரிமை கொண்டாடி எவரும் நீதிமன்றத்தை நாடமுடியாது என்று விதித்தது. அடிமை என்னும் சொல் மறைந்தது. கடன் என்னும் சொல் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. 1859இல் வந்த மற்றொரு சட்டமோ, முன்பணம் பெற்று வேலை செய்யத் தவறிய தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையிலிட வழி செய்தது. பணக்கடனைத் திருப்பித் தராமை உரிமையியல் வழக்கு. அதனைக் குற்றமாக்கியவர்கள் வெள்ளையர் ஆட்சியின் சட்டம் வகுத்தோர். 1925இல்தான் அச்சட்டத்தை நீக்கினர். கொத்தடிமைக் கடன்கள் யாவும் அழிந்தன என்று இந்தியா சட்டம் இயற்றியது 1976இல்.

நம் முன்னோர் கப்பலேறியது இந்தக் காலத்தில்தான். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் வந்தோருக்குக் கப்பற்செலவும் முன்பணமும் முதல் நாளே கடனாய் எழுதப்பட்டு, கூலியிலிருந்து பிடிக்கப்பட்டன. கடல் கடந்தவர் கரையில் கால் வைக்கும்போதே கடன்காரர். பின்னர்க் கங்காணி முறை தழைத்தது. கங்காணி தம் ஊருக்குச் சென்று, தம் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பேசி ஆள் சேர்ப்பார். அங்கு அவர் தீர்த்துவைத்த பழைய கடன், வழிச்செலவு, ஒரு வேட்டி, ஒரு செம்பு, எல்லாம் கணக்கில் ஏறும். இக்கணக்கு கங்காணியின் ஏட்டில் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளியின் நினைவில் மட்டும் அதன் மறுபடி இருந்தது.

அண்டை நாடான இலங்கையின் மலைத்தோட்டங்களில் இது இன்னும் கூர்மையடைந்தது. ஒரு கங்காணியின் கீழுள்ள இத்தனை ஆட்களை, இத்தனை ரூபாய் கடன் தீர்க்கப்பட்டால் விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் குறையவில்லை, கடன் கொடுத்தவர் மட்டும் மாறினார். நம் மொழியின் எளிய சொற்களுள் ஒன்றாகிய துண்டு, ஆங்கிலச் சட்ட ஏடுகளில் அப்படியே ஏறியது. தமிழ்ச் சொற்கள் பிறமொழி ஏறியதைப் பெருமையோடு பட்டியலிடும் நாம் இதனையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

மேற்சொன்ன பாதிப் பழக்கம் வேர்விட்டது இங்கேதான் என்பது என் கருத்து. தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடினால், அவர் பணத்தை ஏமாற்றியவர் மட்டுமல்லர். உப்பிட்டவரை மறந்தவர், செஞ்சோற்றுக்கடன் தீராதவர் என்று பேசப்பட்டார். கர்ணனுக்குரிய சொல், பெரட்டுக்களத்தில் நின்றவர்மேல் சுமத்தப்பட்டது. கடன் என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றாய் இருந்தமையால் இது எளிதாயிற்று. பணக்கடன் அறக்கடனின் ஆடையை உடுத்துக்கொண்டது. ஆனால் அறக்கடனுக்குரிய மறுபாதி, தாங்குவோனின் கடன், ஏட்டில் எங்கும் எழுதப்படவில்லை. கங்காணிகள் எல்லாரும் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. தம் ஆட்களுக்காகத் துரையோடு வழக்காடிய கங்காணிகளையும் முதியோர் நினைவுகூர்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களும் துரைக்குக் கடன்பட்டவர்களே.

1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி ஒரு திருப்பம். ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் தோட்டங்கள் எல்லாம் அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பற்செலவு அதிலிருந்து கொடுக்கப்படும். ஆதலின் வந்திறங்கும் தொழிலாளி கப்பற்செலவுக்குக் கடன்பட்டவரல்லர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது.

அதே 1910ஐ இலண்டனில் வைத்துப் பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. மலாயாவின் தோட்டங்களுக்காகக் கம்பெனிகள் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன. இரண்டு ஷில்லிங் பங்குகளைச் சிறு சேமிப்பாளரும் போட்டியிட்டு வாங்கினர். அக்கம்பெனிகளின் பெயரோடு 'லிமிட்டெட்' என்னும் சொல் ஒட்டியிருந்தது. அதன் பொருள்: கம்பெனி எத்துணைக் கடன்பட்டு நொடித்தாலும், பங்கு வாங்கியவர் இழப்பது தம் பங்குத்தொகையை மட்டுமே; அவர் வீட்டையும் நகையையும் எவரும் தொடமுடியாது. 1855இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அளித்த பாதுகாப்பு இது. இன்று நம் நாட்டில் கம்பெனிப் பெயர்களின் இறுதியில் நாம் காணும் 'பெர்ஹாட்' என்பதும், எல்லை உடையது என்று பொருள்படும் அதே சொல்லே. தோட்டத்தின் உடைமையாளருக்குக் கடனில் எல்லை இருந்தது. அந்த எல்லையைச் சட்டம் கொடுத்தபோது, அதனைக் கோழைத்தனம் என்றோ நன்றிகேடு என்றோ எவரும் பழிக்கவில்லை. மரம் சீவியவருக்கு அந்த எல்லை கிடைப்பதற்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

இங்கு நகரத்தார் பெருமக்களின் கடைகளையும் ஒரு சொல் குறிப்பிடுதல் வேண்டும். மலாயாவின் நகரங்களில் வட்டித்தொழில் நடத்திய அவர்கள் 'லிமிட்டெட்' என்னும் கவசத்தை அணியவில்லை. விலாசத்தின்மேல் ஏறிய கடன் முதலாளியின் மேலே ஏறிய கடன். பேரேட்டிலிருந்து அவர்கள் வடித்தெடுத்த ஐந்தொகையில் ஒருபுறம் கொடுக்கவேண்டியதும் மறுபுறம் வரவேண்டியதும் எதிரெதிரே நின்றன. தமிழில் கணக்கியல் கற்பிப்போர் அக்கணக்கு மரபிலிருந்து இன்னும் எடுத்தாளத்தக்க சொற்கள் பல உள.

1896, 1897 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் நிகழ்ந்த இரண்டும் சேர்த்து எண்ணத்தக்கவை. சாலமன் என்னும் காலணி வணிகர் தம் தொழிலைக் கம்பெனியாக்கி, மனைவி மக்கள் அறுவருக்கு ஒவ்வொரு பங்கு கொடுத்து, எஞ்சிய பங்குகளைத் தாமே வைத்துக்கொண்டார். கம்பெனி நொடித்தது. கம்பெனி வேறு, சாலமன் வேறு. அதன் கடனுக்கு இவர் பொறுப்பல்லர் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, வேலையில் காயமுற்ற தொழிலாளிக்கு, முதலாளியின் பிழை இல்லாவிடினும் அவர் ஈடு கொடுக்கவேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது. ஒரு கை முதலாளியின் பொறுப்பைச் சுருக்கியது. மறு கை விரித்தது. அந்த மறு கை மலாயாவையும் எட்டியது. 1951இல் ஊழியர் சேமநிதி, 1952இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1969இல் சொக்சோவுக்கான சட்டம் என்பவற்றால், தொழிலாளியின் பெயருக்கு எதிரே முதலாளி கட்டவேண்டிய தொகை ஏட்டில் ஏறியது. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தால், முதலாளியின் பங்கு என்று இன்னொரு வரியும் இருந்தது. கயிற்றின் மறுமுனை எழுத்தில் வந்தது.

ஆண்டறிக்கையை எழுதிய ஆசிரியருக்கு நான் பின்னர்க் கூறிய விடை இதுவே. கொடுத்துத் தீர்க்கக்கூடிய தொகைக்குக் கடன் என்று எழுதுக. சட்டமோ ஒப்பந்தமோ கட்டிய கட்டுக்குக் கடப்பாடு என்று எழுதுக. கைம்மாறு கருதாத ஒப்புரவுக்கு வள்ளுவர் ஆண்ட சொல் அது என்பதை நான் மறக்கவில்லை, ஆயினும் இன்றைய சட்டத் தமிழ் அதனை எடுத்துக்கொண்டுவிட்டது. ஐந்தொகையின் ஒருபுறம் முழுவதற்கும் பொறுப்புகள் என்பதே வழக்கூன்றியது. நன்னெறிப் பாடத்தில் பொறுப்பு நற்பண்பு, கணக்குப் பாடத்தில் பொறுப்பு சுமை என்று மாணாக்கர் சிரித்தால் சிரிக்கட்டும். மூன்றையும் கலந்து எழுதுவதுதான் கூடாது. கலந்ததனால் விளைந்தது இன்னதென்று முன்னரே கண்டோம்.

இன்னும் ஒரு சொல் எஞ்சியுள்ளது: புணை. பழந்தமிழில் புணை என்றால் தெப்பம். பிறர் கடனுக்கு ஈடாய் நிற்பதும் புணையே. வெள்ளத்தில் தவிப்பவனுக்குத் தெப்பமாய் நிற்பவன் என்று பிணையாளருக்குப் பெயரிட்ட மொழி இது. அத்தெப்பம் பல குடும்பங்களில் தானே மூழ்கியிருக்கிறது. மைத்துனருக்காக, மாணவனுக்காக, உடன்வேலை செய்தவருக்காக, ஒரு வெள்ளிப் பயனும் பெறாமல் கையெழுத்திட்டுத் திவாலானோர் நம்மவருள் உண்டு. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இத்தகையோரைத் தனியே பிரித்து, 'சமூகப் பிணையாளர்' என்னும் பொருள்படும் பெயரைத் தந்தது. ஆதாயம் கருதாமல் கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. கடன் அவர்மேல் இல்லாமற் போய்விடவில்லை. திவால் என்னும் தண்டனை மட்டும் விலகியது. இந்நுட்பம் தெரியாமல், பிணைக்கு இனி அச்சமில்லை என்று நம்மவர் சிலர் பேசிக்கொள்கின்றனர்.

அண்மையில் என் பழைய மாணவி ஒருத்தி தன் தந்தையோடு ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். தாய்மாமன் தொழிலுக்கு வாங்கும் சரக்கு வண்டிக்குத் தந்தை பிணை. தொழிலுக்கான வண்டி ஆதலின் சட்டம் சொன்ன பாதுகாப்பு அதற்கு இல்லை. "நான் வாங்காத கடனுக்கு நான் எப்படிக் கடன்காரனாவேன் ஐயா?" என்று தந்தை கேட்டார். படிவத்தின் இறுதிப் பத்தியில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பாவர் என்னும் பொருளில் ஒரு தொடர் இருந்தது. இருவர் சேர்ந்து கையெழுத்திட்டாலும், முழுத்தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம் என்பது அதன் கருத்து. மாணவி அதைத் தமிழில் சொன்னாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு முறை படி, அம்மா" என்றார்.